கண்டக்டரம்மாவின் வெளிப் படிக்கட்டு

மெல்லப் பேசுவதுதான் பெண்ணுக்கு அழகு என்று சொன்ன மகராசன் யாரோ, அவன் ஒரு நாளும் கண்டக்டரம்மாவின் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டான். முன்வாசலருகே நின்றபடியே பின்வாசலில் தொங்குகிறவனை உள்ளே வரவழைக்கும் குரல் அது. கைக்குழந்தைக்காரி ஏறினால், ஜன்னலோரம் தூங்குவது போல நடிக்கும் இளவட்டத்தை எழுப்பி நிறுத்திவிடும். சில்லறை இல்லை என்று சாதிக்கிறவனின் சட்டைப்பையைத் தானாகவே திறக்க வைக்கும். பஸ் முழுக்க ராஜ்யம் செய்த அந்தக் குரல், வேலை முடிந்து வீட்டுச் சந்துக்குள் திரும்பியதும் தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டியது போல அடங்கிப் போகும்.

இருபது வருஷமாக அப்படித்தான். ஏன் என்று கட்டியவனுக்குத் தெரியும். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மாமியாருக்குத் தெரியும், அவள் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. மூன்றாவதாகத் தெரிந்தவள் கண்டக்டரம்மாதான். அவளும் அதை நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டதாகத் தன்னையே நம்ப வைத்திருந்தாள்.

வீடு முன்னே மாமியார் பெயரில் இருந்தது. மாமனார் காலமானதும் அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் அதைப் பிரித்து எழுதிக் கொடுத்தாள். கீழ்த்தளம் இளையவனுக்கு. மாடி மூத்தவனுக்கு, அதாவது கண்டக்டரம்மாவின் கணவனுக்கு. மாமியார் இளையவனோடு கீழேயே தங்கிவிட்டாள். மாடிக்குப் போக வீட்டின் பக்கவாட்டில், இரண்டு பேர் ஒதுங்கி நடக்கிற சந்தில், ஒரு சிமெண்டுப் படிக்கட்டு. பாதி உயரத்தில் ஒரு திருப்பம். அங்கே கீழ்வீட்டுக் குளியலறை ஜன்னல். யாராவது குளிக்கும்போது படியேறினால் சோப்பு வாசனை கூடவே வரும். பத்திரத்தில் தளங்களைப் பற்றி எழுதினார்கள். படிக்கட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஒரு தாய் பிள்ளைகள் ஒன்றாய் இருக்கும்போது படிக்கட்டு யாருடையது என்று எவன் கேட்கப் போகிறான்?

ஒரு மழைக்காலத்தில் மூத்தவன் காய்ச்சலென்று படுத்தான். எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் அந்தப் படிக்கட்டில்தான் வரிசையாக ஏறி வந்து அழுதார்கள். அவர்களில் கொழுந்தனும் ஒருவன். ஏறும்போதே அவன் கண் சந்தின் அகலத்தை அளந்ததோ என்னவோ, வருஷம் திரும்புவதற்குள் பேச்சை ஆரம்பித்தான். படிக்கட்டு நிற்கிற சந்து கீழ்த்தளத்துக்குச் சேர்ந்தது, அதை இடித்துவிட்டு ஷட்டர் போட்டு ஒரு கடை வைக்கப் போகிறேன், அண்ணன் இருந்தவரை போனால் போகிறதென்று விட்டேன் என்றான். மாடிக்கு எப்படிப் போவது என்று கேட்டதற்கு, மாடியை எனக்கே கொடுத்துவிட்டு வேறு இடம் பாருங்களேன் அண்ணி என்றான். சொன்ன விதம் மட்டும் தேன். கண்டக்டரம்மா முடியாது என்று ஒரே வார்த்தையில் சொன்னாள்.

ஒரு நாள் அவள் வேலை முடிந்து சந்துக்குள் திரும்பினாள். கீழ்ப்படிகள் இல்லை. சம்மட்டியால் உடைத்து, இடிபாட்டைச் சுவரோரம் அழகாகக் கூட்டியும் வைத்திருந்தார்கள். மிச்சப் படிக்கட்டு அவள் மார்பு உயரத்தில் ஆரம்பித்து ஆகாயத்துக்குப் போனது. மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். இறங்க வழியில்லாமல் அன்று வேலைக்கே போகவில்லை.

தெருவே வேடிக்கை பார்த்தது. கண்டக்டரம்மா யாரையும் கூப்பிடவில்லை. தோள்பையை முதலில் மேலே எறிந்தாள். பிறகு சீருடைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உடைந்த சிமெண்டில் முழங்கை தேய, முட்டி தேய, மாடி வீட்டுக்காரி தன் வீட்டுக்கே திருடி போல ஏறினாள். கீழ்வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் மாமியாரின் நிழல் தெரிந்தது. நிழல் அசையவில்லை.

மறுநாள் அவளோடு ஒரே பஸ்ஸில் ஓடும் டிரைவர், டிப்போவில் உடைத்துப் போட்டிருந்த ஒரு பழைய பஸ்ஸின் இரும்புப் படியைச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்தார். மெக்கானிக்கோடு வந்து அதைச் சுவரில் முடுக்கினார். அதன்மேல் ஏறி நின்று ஆட்டிப் பார்த்துவிட்டு, கோர்ட்டு ஒரு முடிவு சொல்லுகிற வரைக்கும் இது தற்காலிக ஸ்டாப்பிங் என்றார். அழுதுகொண்டிருந்த மகளும் சிரித்துவிட்டாள்.

அடுத்து வக்கீல் வந்தார். நல்ல மனிதர். வேகமாக ஒரு தடை உத்தரவு வாங்கி, மேற்கொண்டு ஒரு செங்கல்லும் விழாமல் நிறுத்தினார். வழக்கைத் தயாரிக்கும்போது கேட்டார்: இந்தப் படிக்கட்டை யார் கட்டியது, எதற்காக? மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டரம்மா ஒரு கணம் தயங்கினாள். பிறகு, விடியற்காலை வேலைக்குப் போகிற மருமகளின் வசதிக்காக மாமியார் கட்டிக் கொடுத்தது என்றாள். மகளுக்குச் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தாள். பாட்டி கட்டிய படிக்கட்டு என்று அந்தப் பெண் தோழிகளிடம் பெருமை பேசியிருக்கிறாள். வக்கீலும் 'வசதிக்காக' என்று எழுதிவிட்டார்.

அந்த ஒரு பொய்தான் கழுத்தில் சுருக்காக விழுந்தது. கொழுந்தன் தரப்பு பதில் போட்டது: ஆமாம், வசதிக்காகத்தான் கொடுத்தோம். அது எங்கள் தயவு. தயவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். இதைச் சொல்ல எங்கள் அம்மாவே சாட்சிக் கூண்டு ஏறுவார்.

வக்கீல் அதைப் படித்துக் காட்டிவிட்டு நெற்றியைத் தேய்த்தார். வழக்கு முழுவதும் ஒரே கேள்விதான் என்று விளக்கினார். தயவா, உரிமையா? தயவென்றால் கொடுத்தவர் பிடுங்கிக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளேயே முன்னால் ஒரு வழி இருந்து, அதை அவர்களே அடைத்துவிட்டு அதற்குப் பதிலாக இதைக் கொடுத்திருந்தால் கதையே வேறு. அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார். மகள் இருந்ததால் அன்றும் அவள் பேசவில்லை. அடுத்த முறை தனியாகப் போய், பூட்டி வைத்ததை எல்லாம் அவர் மேஜை முன்னால் கொட்டினாள்.

கேட்டு முடித்து வக்கீல் நெடுநேரம் பேனாவைச் சுழற்றினார். இதற்குச் சாட்சி யார்? கணவர் இல்லை. கட்டிய கொத்தனார் எங்கே போனாரோ. பாக்கி இருப்பது மாமியார் ஒருத்தி. பெற்ற பிள்ளைக்கு எதிராக எந்தத் தாய் பேசுவாள்? அந்த அம்மாவிடம் தான் ஒரு கேள்விகூடக் கேட்கப் போவதில்லை, வாயைக் கிளறினால் இருப்பதும் போகும், பேசாமல் மாடியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றார்.

"நீங்க கேக்க மாட்டீங்கன்னா நான் கேட்டுக்கறேன் சார்."

"நீங்களா? கோர்ட்டுலயா?"

"எங்க மாமியார்தானே சார். உங்களைவிட எனக்குத்தான் பழக்கம்."

அவர் சிரிக்கவில்லை. எச்சரித்தார். சட்டம் தெரியாமல் நிற்பது நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிப்பது போல என்றார். குதிக்காவிட்டாலும் தள்ளத்தானே போகிறார்கள் என்று அவள் கையெழுத்துப் போட்டுக் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டாள். தன் வழக்கைத் தானே நடத்திக்கொள்ள அனுமதி கேட்டு மனுக் கொடுத்தாள்.

விஷயம் டிப்போவுக்குத் தெரிந்தது. கிண்டலுக்குக் கேட்கவா வேண்டும்? நீங்க ஒரு விசில் கொடுத்தா ஜட்ஜம்மாவே கிளம்பிடுவாங்க என்றார்கள். டிக்கெட் இல்லாம எவனாவது வாதாடினா இறக்கி விட்டுடுங்க என்றார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள். ஆனால் ஓய்வு நாளெல்லாம் அவள் கோர்ட்டில்தான் இருந்தாள். யார் வழக்கோ நடக்கும். இவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள். வக்கீல்கள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமலே பேசுவதைப் பார்த்தாள். நல்ல வக்கீல் முதலில் தலையைத் தடவிவிட்டுத்தான் குட்டுவார் என்பதைப் பார்த்தாள். சாட்சி பொய் சொல்லும்போது கூண்டின் கட்டையைக் கை தேடுவதையும் பார்த்தாள்.

உயரமான கூரை கொண்ட கூடம் அது. மின்விசிறி சுற்றுவது சத்தத்தில் மட்டும் தெரியும். மேடையில் நீதிபதி, ஓயாத தொண்டைக் கரகரப்புக்கு வாயில் எப்போதும் ஒரு மாத்திரையை ஒதுக்கி வைத்திருக்கும் அம்மையார். அவருக்குக் கீழே தட்டச்சு செய்யும் பெண். சாட்சி என்ன சொன்னாலும் நீதிபதி அதைச் சுருக்கிச் சொல்வார். அந்தப் பெண் அடிப்பாள். அடித்தால்தான் அது கணக்கு. அடிக்காதது காற்று.

அவள் முறை வந்த முதல் நாள் நடந்ததை டிரைவர் இன்றுவரை சொல்லிச் சிரிப்பார். டவாலி பெயர் கூப்பிட்டதும் கண்டக்டரம்மா எழுந்து போய், நீதிபதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்று பேசத் தொடங்கினாள். அத்தனை வருஷப் பழக்கம். வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். நீதிபதி பேனாவால் மேஜையைத் தட்டி, இங்கே பின்வாசல் கிடையாது, என்னைப் பார்த்துப் பேசினால் போதும் என்றார். அவள் வெட்கப்பட்டுத் திரும்பினாள். அன்று முழுவதும் குரலைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசுகிறவள் போல இருந்தாள்.

அவளே கூண்டேறிய நாள் அதைவிட மோசம். எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர். கருப்பு அங்கி கசங்காதவர். மிக மரியாதையாக, படிக்கட்டு உங்கள் வசதிக்காகக் கட்டப்பட்டது என்று உங்கள் வழக்கிலேயே எழுதியிருக்கிறதே, அது சரிதானா என்று மட்டும் கேட்டார். பார்வையாளர் பெஞ்சில் மகள். ஆமாம் என்று கண்டக்டரம்மா தலையசைத்தாள். தலையசைப்பு போதாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள்.

"சரிதான்," என்றாள்.

தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் ஓடின. தன் வீட்டின் கடைசிப் படியும் அந்த விரல்களின் கீழே நொறுங்குவது போல அவளுக்குக் கேட்டது. அடுத்த வாய்தாவுக்கு மாமியார் வருவதாகச் சொல்லித் தள்ளி வைத்தார்கள். வெளியே வரும்போது மகள் கையைப் பிடித்துக்கொண்டு, போதும்மா, பாட்டியை நீ கூண்டுல நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறதை என்னால பாக்க முடியாது என்றாள். அப்படியானால் வராதே என்றாள் தாய். ஆனால் மகள் வந்தாள்.

மாமியார் கோர்ட்டுக்கு வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். கஞ்சி போட்ட புடவை, படிய வாரிய வெள்ளைத் தலை, மகன் ஒரு கை, சின்ன மருமகள் ஒரு கை. கூண்டில் ஏறியதும் இரண்டு கைகளையும் உதறிவிட்டு நிமிர்ந்து நின்றாள். அவர்கள் வக்கீல் கேட்கக் கேட்கப் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பித்தாள். பெரிய மருமகள் வசதிக்காக, என் சின்ன மகன் மனசு வைத்து, அவன் இடத்தில் கட்ட விட்டது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்போதே பேச்சு. வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார்.

குறுக்கு விசாரணை என்றார் நீதிபதி. கண்டக்டரம்மா எழுந்தாள். கால் வீங்கிய மாமியார் நிற்பதைப் பார்த்து அவள் வாயில் முதலில் வந்ததே வேறு.

"அத்தை, உக்காந்துக்கறீங்களா?"

சாட்சியை அப்படி அழைக்கக் கூடாது என்று எதிர் வக்கீல் எழுந்தார். சாட்சி என்றே சொல்லுங்கள் என்றார் நீதிபதி. கண்டக்டரம்மா இரண்டு முறை முயன்று பார்த்தாள். சாட்சி என்ற சொல் அந்த முகத்தைப் பார்த்து வர மறுத்தது. நீதிபதி பெருமூச்சு விட்டு, சரி, கேள்வியைக் கேளுங்கள் என்றார். நாற்காலி வந்தது. மாமியார் அதில் உட்காரவில்லை.

வீட்டுக்குள் முன்னால் ஒரு மரப் படிக்கட்டு இருந்ததா என்று கேட்டாள். ஞாபகம் இல்லை என்றாள் மாமியார். அந்த இடத்தில் இப்போது பெரிய அலமாரி இருக்கிறதே, எப்போது வைத்தது? ஞாபகம் இல்லை. வெளிப் படிக்கட்டைக் கட்ட ஆள் கூட்டி வந்தது யார்? அதுவும் ஞாபகம் இல்லை. யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வக்கீல் எத்தனை வளைத்துக் கேட்டாலும் உடையாத பதில் அது. ஒவ்வொரு முறையும் தட்டச்சுப் பெண் அதை அடித்தாள். கண்டக்டரம்மா ராத்தூக்கம் கெட்டு யோசித்து வைத்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாகச் சுவரில் மோதிய பந்து போலத் திரும்பி வந்து, கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் போனது.

இன்னும் கேள்வி உண்டா என்றார் நீதிபதி. எதிர் வக்கீல் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். கொழுந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அவள் நின்றாள். மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது கேட்டது வழக்குக்காக யோசித்த கேள்வி இல்லை. இருபது வருஷம் தொண்டையில் சிக்கிக் கிடந்த கேள்வி. அமுக்கிப் பிடித்திருந்த குரல் கையை மீறி, அந்த உயர்ந்த கூரையில் மோதித் திரும்பியது.

"நான் உங்க கூடத்துல என்னிக்காவது செருப்புக் காலோட நடந்தேனா அத்தை? சத்தியமாச் சொல்லுங்க."

மாமியாரின் முகம் மாறியது. ஒப்பித்த பாடமெல்லாம் அந்த முகத்திலிருந்து உதிர்ந்தது. அங்கே கோர்ட்டும் இல்லை, கூண்டும் இல்லை. அடுப்படி வாசலில் நின்று மருமகளோடு மல்லுக்கு நிற்கிற மாமியார்தான் இருந்தாள்.

"நடக்கலையா நீ? பொழுது விடியறதுக்கு முன்னாடி டக்கு டக்குன்னு என் தலைமாட்டுலயே நடப்பியே. பஸ்ஸுல கண்டவன் மேலயும் இடிச்சுட்டு வந்த காலோட என் கூடத்தைத் தாண்டிப் போவே. அது பொறுக்காமத்தானே உள்படியைப் பேத்துட்டு அலமாரியை நகர்த்தி வெச்சேன்."

எதிர் வக்கீல் நாற்காலி பின்னால் விழ எழுந்தார். சாட்சிக்கு வயதாகிவிட்டது, களைத்திருக்கிறார், சொல்வது தெரியாமல் சொல்கிறார், விசாரணையை ஒத்தி வைக்க வேண்டும் என்றார். போதாத காலம், அதை அவர் மாமியாரின் காதுபடச் சொல்லிவிட்டார்.

"யாருக்குப்பா வயசாயிடுச்சு? எனக்கா? நேத்து நடந்தது மாதிரி எல்லாம் ஞாபகம் இருக்கு. நீ உக்காரு."

பின்பெஞ்சில் யாரோ சிரித்ததை டவாலி அதட்டினார். நீதிபதி வாயிலிருந்த மாத்திரையை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். எதிர் வக்கீலை உட்காரச் சொல்லிவிட்டு, மேலே கேளுங்கள் என்று கண்டக்டரம்மாவைப் பார்த்தார்.

பக்கவாட்டில் மகளின் முகம் தெரிந்தது. பாட்டி ஆசையாகக் கட்டிக் கொடுத்த படிக்கட்டு அந்த முகத்தில் இடிந்துகொண்டிருந்தது. இதோடு நிறுத்திவிடலாமா? இன்னும் ஒரு கேள்வி கேட்டால் வீடு மிஞ்சும். பெண்ணின் நெஞ்சில் பாட்டி மிஞ்சமாட்டாள். எந்தத் தாய்க்கும் வரக் கூடாத இக்கட்டு அது. கண்டக்டரம்மா கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தாள்.

"வெளிப்படி வேணும்னு நான் கேட்டேனா அத்தை?"

"நீ எங்க கேட்ட? நீ கைப்புள்ளைய வெச்சுக்கிட்டு அழுதுட்டு நின்ன. என் பெரியவன் தலையைக் குனிஞ்சுட்டு நின்னான். நான்தான் கொத்தனாரைக் கூட்டியாந்து கட்டச் சொன்னேன். இனிமே இதுதான் உன் வழி, சாகிற வரைக்கும் இதுலதான் ஏறணும், இதுலதான் இறங்கணும்னு உன் மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். இல்லைன்னு சொல்லு பாக்கலாம்."

"இல்லைன்னு சொல்லலை அத்தை. அதைத்தான் கோர்ட்டுல எழுதிக்கச் சொல்றேன்."

நீதிபதி தட்டச்சுப் பெண்ணின் பக்கம் திரும்பினார். வீட்டுக்குள் இருந்த படிக்கட்டைச் சாட்சியே அகற்றினார். அதற்குப் பதிலாக வெளிப் படிக்கட்டைச் சாட்சியே கட்டினார். வாதி ஆயுள் முழுவதும் அதையே பயன்படுத்த வேண்டும் என்று அப்போதே சொன்னார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். விரல்கள் ஓடின. அன்றைக்கு அவளை வெளியே தள்ளிய வார்த்தை, எந்தச் சொல்லை நினைத்து எத்தனையோ முறை தலையணையை நனைத்தாளோ அதே சொல், அவளுடைய வீட்டுக்கு வழியாகக் காகிதத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

மாமியார் அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். சின்ன மகனின் முகத்தைப் பார்த்தாள். என்ன செய்துவிட்டோம் என்று புரிந்ததோ இல்லையோ, நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

வராந்தாவில் மகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏம்மா என்கிட்ட சொல்லலை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் உன் அப்பா செத்தும் உன் கண்ணில் தலை குனிந்தே நின்றிருப்பார் என்றாள் தாய்.

கொழுந்தன் வந்தான். தீர்ப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் எதையாவது காப்பாற்றிக்கொள்ளும்படி அவன் வக்கீல் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். தேன் மறுபடியும் வழிந்தது. நமக்குள் என்ன அண்ணி, நாம் என்ன அன்னியரா என்றான். அலமாரியை எடுத்துவிட்டு உள்படியை மறுபடி கட்டித் தருகிறேன், கூடத்து வழியாகவே வந்து போங்கள், வெளிப்படியை மட்டும் விட்டுவிடுங்கள் என்றான். பக்கத்து பெஞ்சில் மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுக்காமலே பேசினாள்.

"வா. உள்ளயே வந்துட்டுப் போ."

அதட்டலும் இல்லை, குத்தலும் இல்லை. அந்தக் குரலில் அப்படி ஒரு வார்த்தையை இந்தப் பிறவியில் கேட்போம் என்று கண்டக்டரம்மா நினைத்ததே இல்லை. மகள் நிமிர்ந்தாள். அந்தக் கண்ணில் ஒரு ஆசை. பாட்டியும் வேண்டும், வீடும் வேண்டும், பிளந்ததெல்லாம் ஒட்ட வேண்டும் என்கிற பெண்பிள்ளையின் ஆசை. ஒரு கணம் தாய் நெஞ்சும் வெண்ணெயாய்த்தான் உருகியது. கல்யாணமாகி வந்த புதிதில் காலடி வைத்த அந்தக் கூடம் கண்ணுக்குள் வந்து போனது.

அவள் மாமியார் முன்னால் போய்க் குனிந்து, அந்த வீங்கிய முட்டியின் மேல் கை வைத்தாள்.

"இந்த ஒரு வார்த்தைக்கு அன்னிக்கு என் உசிரையே குடுத்திருப்பேன் அத்தை. இப்ப வேண்டாம். கூடத்துக்குக் கதவு இருக்கு. உங்க யாருக்காவது மனசு மாறினா சாத்திடலாம். வெளிப்படிக்குக் கதவு கிடையாது."

மாமியார் முட்டியின் மேலிருந்த கையைத் தள்ளவில்லை. கொழுந்தன்தான், பின்னால் வருத்தப்படுவீங்க அண்ணி என்றான். பட்டாச்சு தம்பி, முன்னாலயே பட்டாச்சு என்று சொல்லிவிட்டுக் கண்டக்டரம்மா நிமிர்ந்து நடந்தாள். அன்று மாலை ஷிப்டு அவளுக்கு.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. படிக்கட்டு தயவில்லை, உரிமை. யாரும் அதைத் தொடக் கூடாது. உடைத்த படிகளைக் கொழுந்தனே தன் செலவில் கட்டித் தர வேண்டும். எழுதிய நீதிபதி தன் கரகரத்த குரலில் அதை வாசித்து முடித்துவிட்டு, மேஜை மேலிருந்து அடுத்த கட்டை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்புவது போல. ஆனால் கண்டக்டரம்மா கோர்ட்டுப் படிகளில் இறங்கும்போது டிரைவர் கேட்டார், எப்படி இருக்கு என்று. கூட்டமே இல்லாத பஸ்ஸில் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கு என்றாள்.

அடுத்து வந்த ஓய்வு நாளில் கொத்தனார் வந்தார். கொழுந்தன் முகம் காட்டவில்லை. மாமியார் மட்டும் சந்தின் முனையில் நாற்காலியைப் போடச் சொல்லி, குடையைப் பிடித்துக்கொண்டு, கட்டுகிறவருக்கு மேஸ்திரியாக உட்கார்ந்துகொண்டாள். கலவையில் சிமெண்டு போதாது என்றாள். மட்டம் சாய்கிறது என்றாள். முதல் படிக்குக் கல் வைத்தபோது, உயரத்தைக் குறைச்சுப் போடு, நாளைக்கு முட்டி வலிக்குதுன்னு அதுக்கு வேற என் மேல கேஸ் போடுவா என்றாள்.

மேலே கைப்பிடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டரம்மா பேசினாள். வீட்டுச் சந்தில் அந்தக் குரல் முழுசாக ஒலித்தது அதுதான் முதல் தடவை. தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"பழைய உயரமே இருக்கட்டும் அண்ணே. நான் ஏறிக்குவேன்."

கொத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே ஒருத்தியையும் மேலே ஒருத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். கீழே இருந்தவள் குடையைச் சற்று விலக்கி, கண்ணைச் சுருக்கி, மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏறுறவளே சொல்றாள்ல. அவ சொன்னபடியே வை."